கை நின்ற இடங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

உறையின் மேல் உள்ள கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் அண்ணன் கையில்தான் போய் விழும். அதனால்தான் நீங்கள் சட்டை சோதிக்கிற தொழிற்சாலையின் விலாசம். இவ்வளவு கனமாக என்ன என்று வாசல் காவலாளி பிரித்துப் பார்த்திருந்தால் அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். என் கையெழுத்தில் இரண்டு பக்கம் படிக்க முயன்றிருந்தால் அதுவே அவருக்குப் போதுமான தண்டனை.

நாம் பேசி நான்கு வருஷம் ஆகிறது. அந்தக் கதை பத்திரிகையில் வந்த வாரம், ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து அண்ணனிடம் பெருமையாக நீட்டினேன். நின்றபடியே படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இனிமே இந்தப் படி ஏறாத" என்றார். கதையில் என்ன இருந்தது? பஸ் ஓட்டுகிற ஒரு மனுஷர், கண் மங்கிக்கொண்டே வருவதை மறைக்கிறார். வருஷாந்திரக் கண் பரிசோதனைக்கு முன்னால், சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை அவருடைய மகன் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து அவருக்கு மனப்பாடம் செய்துவைக்கிறான். அவர் தேறிவிடுகிறார். அவ்வளவுதான். அப்பா இறந்து மூன்று வருஷம் கழித்துத்தான் எழுதினேன். இருந்தாலும் அப்பாவின் மானத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அண்ணனுக்குக் கோபம்.

நான் தெருமுனை திரும்பும்போது நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். உங்கள் கையில் இன்னொரு பிரதி, முன்பே வாங்கிப் படித்திருக்கிறீர்கள். சமாதானம் சொல்ல வருகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சொன்னது வேறு. "எழுதினதுல தப்பில்ல. ஆனா நடுவுல எங்கேயோ பொய் சொல்லியிருக்க. கைக்குத் தட்டுப்படுது." இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்கள்.

அண்ணி, அந்தக் கதையைப் பற்றி எனக்கு முப்பது நாற்பது கடிதங்கள் வந்தன. எல்லாரும் புகழ்ந்திருந்தார்கள். உங்கள் ஒரு வாக்கியம்தான் நான்கு வருஷமாக என் கூடவே சாப்பிட்டுக்கொண்டு, என் கூடவே படுத்து எழுந்துகொண்டிருக்கிறது.

இப்போது அதையே நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பதிப்பாளர் கேட்டிருக்கிறார். ஜூன் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும். படித்துச் சொல்ல ஆள் தேடி அலுத்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஒன்பதாம் பக்கத்தில் தூங்கிப்போனார். எங்கள் பல் கட்டும் லேபில் கூட வேலை செய்கிறவள் "சூப்பர்" என்றாள், எந்த இடம் என்றதற்கு "எல்லாமே" என்றாள். நாலைந்து புத்தகம் போட்ட ஒருவர், முழுவதும் படித்துவிட்டேன் என்று சொல்லி, தலைப்பை மாற்றச் சொன்னார். நான் அவருக்குத் தலைப்பே வைக்காமல்தான் கொடுத்திருந்தேன்.

முதல் பாதி, நூற்றுப் பத்துப் பக்கம் இதோடு இருக்கிறது. வேறு பிரதி இல்லை. நாத்தனார் என்று பார்க்க வேண்டாம். சட்டை என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள்
சின்னவள்


பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

பார்சல் வந்தது. காவலாளி பிரிக்கவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். பதினேழு வருஷமாகச் சட்டை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எழுநூறு, சில நாள் எண்ணூறு. கதை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் ஏன் அனுப்பினாய் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். முப்பது நிமிஷத்தில் சாப்பிடப் பத்து, படிக்க இருபது. பேக்கிங் அறைக்குப் பின்னால் பெட்டிகள் மேல் உட்கார்ந்து பதிமூன்று நாளில் முடித்தேன். எனக்குப் பாராட்டி எழுத வராது. திட்டியும் எழுத வராது. எனக்குத் தெரிந்த மாதிரி செய்திருக்கிறேன். எங்கள் மேசையில் சட்டையில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் உனக்குத் தெரியும், பார்த்திருக்கிறாய். உன் பக்கங்களில் இருபத்து மூன்று ஒட்டியிருக்கிறேன். காகிதம் கிழியாது, மெதுவாக உரி.

உன் அண்ணனிடம் இப்போது சொல்ல மாட்டேன். ஒளிக்கவும் மாட்டேன். கேட்டால் சொல்வேன். அவர் கேட்கிற ஆள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சலைப் பிரித்ததும் பக்கங்களை மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். நூற்றுப் பத்துப் பக்கத்தில் இருபத்து மூன்று சின்னச் சிவப்பு அம்புகள். ஒரு வார்த்தை கிடையாது. என் வாழ்க்கையில் என்னை யாரும் இப்படிப் படித்ததில்லை. பயமாக இருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நாம் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

முதலில் கொஞ்சம் கோபமும் வந்தது, மறைப்பானேன். நான் ஆசை ஆசையாக எழுதிய இடங்களிலேயே அம்பு. நான் பெருமைப்பட்ட வரியாகத் தேடித் தேடிக் குத்தியிருக்கிறீர்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தோமோ என்று தாமாகவே பாத்திரம் கழுவினார்.

பிறகு புரிந்தது. அந்த வரிகளில் நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா குளிக்கும்போது அட்டையில் உள்ள எழுத்துகளை ராகம் போட்டுப் பாடுகிற இடம், அதிகப்பிரசங்கித்தனம். கடைப் பலகைகள் ஒவ்வொன்றாக மறைகிற இடம், சோகத்தைப் பிழிகிறேன். இப்படி இருபத்து மூன்றுக்கும் எனக்கு நானே காரணம் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. இலக்கியம் தெரியாது என்று சொல்லிவிட்டு இப்படி ஊசி குத்துகிற மாதிரி குறி வைக்க எப்படி முடிகிறது அண்ணி?

இருபத்து மூன்றையும் எடுத்துவிட்டேன். சுத்தமாகத் திரும்ப எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தொண்ணூற்று எட்டுப் பக்கமாகக் குறைந்துவிட்டது. பழைய தாள்களை லேபில் போட்டுவிட்டேன். பல் அச்சு எடுக்கும்போது மேசைமேல் விரிக்க எங்களுக்கு எப்போதும் காகிதம் பற்றாது. இப்போது என் பழைய நாவலின் மேல் ஊரில் உள்ள பல் இல்லாதவர்களின் மாவுக்கட்டி எல்லாம் காய்ந்துகொண்டிருக்கிறது.

உங்கள்
சின்னவள்


மார்ச் 31

சின்னவளே,

என்ன காரியம் செய்தாய்.

நான் இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கு இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "கண்ண நம்பாத, கண்ணு பழகிப்போயிடும். கைய ஓட்டு. எங்க கை நிக்குதோ அங்க அம்பு வை. அது தப்பா ரைட்டான்னு நீ முடிவு பண்ணாத, அது அடுத்த மேசை வேலை." பதினேழு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அடுத்த மேசையில் பாதி அம்பைச் சும்மா உரித்துப் போட்டுவிட்டு சட்டையை அனுப்பிவிடுவார்கள். நல்ல தையல், கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். கை நின்றதென்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

உன் பக்கங்களில் என் கை நின்ற இடங்களில்தான் அம்பு வைத்தேன். அடுத்த மேசை நீ. நீ பார்க்காமலேயே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டாய்.

இப்போது வந்திருக்கிற தொண்ணூற்று எட்டுப் பக்கத்தையும் படித்தேன். ஒரு இடத்திலும் கை நிற்கவில்லை. வழுவழு என்று போகிறது. இஸ்திரி போட்ட பிணம் மாதிரி இருக்கிறது. மன்னித்துக்கொள், எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

பழைய தாள் மேல் மாவு காய்கிறது என்று நீ சிரித்து எழுதியதைப் படித்தேன். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பிறகு யோசித்தேன். அந்த வரிகளைப் படித்த நாளிலிருந்து அவற்றை மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் சட்டை பார்த்திருக்கிறேன். காலரிலிருந்து பட்டன் பட்டிக்குப் போகும்போது ஒன்று, கைப்பட்டிக்குப் போகும்போது ஒன்று. அதனால் எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பது வந்துவிட்டன. நான்கு வரவில்லை. தனித் தாள்களில் எழுதி வைத்திருக்கிறேன், பார். இது உன்னுடையதுதானா சொல்:

"இருட்டு ஒரே நாளில் வரவில்லை. முதலில் கடைப் பலகைகளில் சின்ன எழுத்துகள் போயின. பிறகு பெரிய எழுத்துகள். பிறகு கடைகள்."

"அது என்ன பாட்டு என்று அம்மா கேட்டாள். பழைய பாட்டு என்றார் அப்பா. ப, ம, ட, ய, ர."

"நாற்பது பேர் இறங்கிப் போனார்கள். ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பார்."

மீதி தாளில்.

இன்னொன்று. எழுதும்போதுதான் கவனித்தேன். இந்தப் பத்தொன்பதில் பதினொன்று அந்தப் பையனைப் பற்றியது. அவன் வருகிற இடத்தில் எல்லாம் என் கை நின்றிருக்கிறது, ஆனால் மற்ற இடங்களில் நின்ற மாதிரி இல்லை. அளவு தப்பித் தைத்த கை மாதிரி, சட்டையோடு ஒட்டாமல் நிற்கிறான். ஏன் என்று தெரியாமல் நான்கு வருஷத்துக்கு முந்தைய உன் கதையையும் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். அதிலும் அதே இடம், நாவலிலும் அதே இடம். பையன் ஆஸ்பத்திரியில் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் உள்ள அட்டையைப் பார்த்து எழுதுகிறான் என்று எழுதியிருக்கிறாய். மூன்று நாள் காலையில் உட்கார்ந்தான் என்கிறாய். வளர்ந்த பையனைப் பெண்கள் பெஞ்சில் மூன்று நாள் யார் உட்கார விடுவார்கள்?

அங்கே உட்கார்ந்தது நீதானே?

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கையில் இருந்த அச்சு கீழே விழுந்து உடைந்தது. யாருடையதோ மேல்வரிசை. அவர் திரும்ப வந்து வாயைத் திறந்து காட்ட வேண்டும், பாவம்.

ஆமாம். நான்தான்.

எனக்குப் பதினான்கு வயது. அப்பா மெடிக்கல் பரிசோதனை வருகிறது என்று சாப்பிடாமல் இருந்தார். எனக்கு மட்டும்தான் தெரியும் அவருக்குக் கண் போகிறது என்று, ஏனென்றால் பேப்பரை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன், ஆரம்பத்தில் சினிமாப் பக்கம் மட்டும், போகப் போக முழுவதும். பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி போனேன். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அட்டையில் ஏழு வரி. கடைசி வரியை எழுத மட்டும் ஒரு காலை முழுக்க ஆயிற்று. வீட்டில் அடிக்குச்சியை வைத்துக்கொண்டு சுவரில் வெறும் இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். அவர் சொல்வார். தப்பாகச் சொன்னால் நான் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பேன். அப்பாவுக்கு நான் டீச்சராக இருந்தது அந்த ஒரு வாரம்தான். பரிசோதனை முடிந்து வந்து என் தலையில் கையை வைத்தார்.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் ஓட்டினார். தினமும் ஆறு நடை. பதினோரு மாதம் நான் ஜன்னலில் நின்றேன். யாராவது வேகமாக நம் தெருவுக்குள் வந்தால் எனக்கு மூத்திரம் வந்துவிடும், அண்ணி, அந்த வயதில். எதுவும் நடக்கவில்லை. ஒரு சைக்கிள்மேல் உரசவில்லை, ஒரு கோழி அடிபடவில்லை. பிறகு முதுகுவலி என்று அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். எப்படி எதுவும் நடக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடவுள் என்று ஒருத்தர் இருக்கிறார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான். அவரைக் கண்டு பயம் வந்ததும் அதனால்தான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கதை எழுத உட்கார்ந்தபோது "அவள்" என்று எழுதவே கை வரவில்லை. "அவன்" என்று போட்டதும் தண்ணீர் மாதிரி ஓடியது. அண்ணனுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவர் பேரில் போனால் யாருக்கும் கெடுதல் இல்லை, கதைதானே என்று நினைத்தேன்.

அந்தப் பத்தொன்பதையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான் தூக்கி எறிந்ததை நீங்கள் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறீர்கள். சில வரிகள் நான் எழுதியதைவிடச் சின்னதாக இருக்கின்றன. அம்மா பாட்டைப் பற்றிக் கேட்கிற இடத்தில் நான் அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று வாக்கியம் எழுதியிருந்தேன் என்று நினைக்கிறேன். என்ன எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. உங்கள் கையில் தங்கியது மட்டும்தான் இப்போது இருக்கிறது. அதைப் பார்த்தால் அதுவே போதும் என்று தோன்றுகிறது. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி இப்படிச் சுமக்க முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. கும்பிடத் தோன்றுகிறது. நீங்கள் திட்டுவீர்கள் என்று விடுகிறேன்.

நாவலை என்ன செய்வது? "அவள்" என்று மாற்றினால் ஊருக்கே தெரியும். "அவன்" என்றே விட்டால் உங்கள் கை நின்றுகொண்டே இருக்கும்.

உங்கள்
சின்னவள்


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எந்த இடம் என்பது மட்டும்தான் என் வேலை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். அவர் செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் எழுதுகிறாள், நான் படிக்கிறேன், அட்டையை எழுதிவந்தது அவள்தானாம் என்றேன். நிமிராமலே "தெரியும்" என்றார்.

உனக்கு அவர் எங்கே வேலை செய்கிறார் என்று ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஓட்டின அதே டிப்போ. டயர் பிரிவு. உன் கதை வந்த வாரம் அந்தப் பத்திரிகை கேன்டீனில் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது. உன் பேரும் ஊரும் போட்டிருந்தாய், யார் மகள் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் இரண்டு பேர் இவரிடம் வந்து, அப்படியானால் நீதானா அந்த வேலையைச் செய்தது, நாற்பது உயிரோடு விளையாடியிருக்கிறாயே என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். இவர் "ஆமா" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு பேர் இவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நான்கு வருஷமாக.

ஏன் ஆமா என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். "இல்லன்னு சொன்னா அவதான்னு ஆயிருக்கும்" என்றார்.

அப்புறம் அவள்மேல் எதற்குக் கோபம் என்றேன். நூலை அறுத்தார். பிறகு சொன்னார்: "என் பேர எடுத்துக்கிறேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்துக்கன்னு சொல்லியிருப்பேன். கேக்கல."

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

இதைப் படித்துவிட்டு ஓடி வந்து காலில் விழாதே. அழுதுகொண்டு போனும் செய்யாதே. முதலில் எழுது.

அண்ணி


ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். இருநூற்று முப்பது பக்கம். இந்தத் தடவை நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

"அவன்" இருந்த இடத்தில் எல்லாம் "அவள்" என்று மாற்றினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கத்திலேயே எல்லாம் சரிந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்கு வேறு வழியாகப் போகிறாள், வேறு பொய் சொல்கிறாள், வேறு மாதிரி பயப்படுகிறாள். எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். நீங்கள் மீட்டுக் கொடுத்த பத்தொன்பதும் தத்தம் இடத்தில் வந்து தாமாக உட்கார்ந்தன. அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இது என் திறமை இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். நோட்டை வாங்கிக்கொண்டு போய் ஒரே நாளில் படித்தார். தூங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "இவ்ளோ நாளா ஒரு கேடி கூடவா குடும்பம் நடத்தினேன்" என்றார்.

அண்ணன் கேன்டீனில் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் சொன்னபடி போன் செய்யவில்லை. அவர் பேரைத் திருடினேன். இந்த நாவல் வெளிவந்தால் அவர் பேர் அவரிடம் திரும்பிப் போகும். அதுதான் எனக்கு இப்போது வேண்டியது. புத்தகத்தை யார் என்ன சொன்னாலும் சரி.

ஒரு குறை மட்டும் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அப்பா ஓட்டிய அந்தப் பதினோரு மாதம் நாலு பக்கம்தான் வந்திருக்கிறது. நாவலே அதை நோக்கித்தான் போகிறது, ஆனால் அங்கே போனதும் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. நான் ஜன்னலில் நின்றேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எதுவும் நடக்கவில்லை என்பதை எத்தனை பக்கம் எழுத முடியும்? அண்ணன் அந்த வருஷம் படிப்பில் கோட்டைவிட்டு ஊர் சுற்றினார் என்று அரைப் பக்கம், அம்மாவின் சண்டை அரைப் பக்கம் என்று இட்டு நிரப்பியிருக்கிறேன்.

பதிப்பாளருக்கு முப்பதாம் தேதி கொடுக்க வேண்டும். நீங்கள் சொன்ன பிறகுதான் கொடுப்பேன்.

உங்கள்
சின்னவள்


ஜூன் 18

சின்னவளுக்கு,

படித்தேன். அம்பு ஒட்டவில்லை. ஒட்ட வேண்டும் என்கிற ஞாபகமே வரவில்லை. அந்த நாலு பக்கத்துக்கு வந்தபோது மணி அடித்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் பெட்டிகளுக்குப் பின்னால் வந்து தேடிப் பிடித்தார். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக மெமோ வாங்கியிருக்கிறேன். எனக்கு வருத்தமே இல்லை.

நம் வீட்டில் நடந்த விஷயம், எனக்குத் தெரிந்த மனுஷர்கள். ஆனால் படிக்கும்போது அவர்களை முதல் தடவை பார்க்கிற மாதிரி இருந்தது. என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த நாலு பக்கத்தில் கை நின்றது. நன்றாக நின்றது. வீட்டுக்கு எடுத்துப் போய் உன் அண்ணன் முன்னால் வைத்து, இந்தப் பதினோரு மாசம் எப்படிப் போச்சு, உங்களுக்காவது தெரியுமா என்று கேட்டேன். நாலு பக்கத்தையும் படித்தார். ஊர் சுற்றினான் என்கிற இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். சின்னவளே, எனக்கு அவரோடு கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நீ அப்பாவுக்கு அடிக்குச்சி வைத்துப் பாடம் நடத்தியதை அடுத்த அறையிலிருந்து அவர் முழுக்கக் கேட்டிருக்கிறார். ஏழு வரியும் அவருக்கும் மனப்பாடம். என்னிடம் சொல்லிக் காட்டினார், ஒரு எழுத்துத் தப்பவில்லை. பரிசோதனையில் தேறி வந்த அன்று மாலை அப்பா கதவுத் தாழ்ப்பாளைக் கையால் தடவித் தேடியதைப் பார்த்தாராம். மறுநாள் விடியற்காலை முதல் நடையில் போய் ஏறினார். டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மூடி இருக்குமே, அதன்மேல் உட்கார்ந்தார். அப்பா திரும்பாமலே, "பள்ளிக்கூடம்?" என்றார். "லீவு" என்றார் இவர். பதினோரு மாதமும் தினமும் காலையில் அதே கேள்வி, அதே பதில். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆறு நடையும் கூடவே போவார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவார். அந்த நீலச் சட்டைக்காரர் ரோட்டைக் கடக்கிறார் பாருங்கப்பா, அங்கே ஒரு மாடு படுத்திருக்கிறது பாருங்கப்பா, சிவப்பு விழுந்துவிட்டது, பச்சை வந்துவிட்டது, ஸ்கூல் பிள்ளைகள் இடது பக்கம் ஓடுகிறார்கள். பயணிகள் எல்லாம் சிரிப்பார்களாம். "ரேடியோ" என்று பேர் வைத்தார்களாம். கண்டக்டருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பரீட்சைக்கு அவர் போகவே இல்லை. தோற்றார் என்று வீட்டில் எல்லாரும் திட்டினீர்கள். அவர் தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. சைக்கிள் விழுந்தது என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னார். அது எஞ்சின் மூடிச் சூடு.

ஏன் என்று கேட்டேன். சின்னவள் செய்த தப்புக்கு நீங்கள் ஏன் என்றேன். அவர் சொன்னார்: "தப்பு என்ன தப்பு. அவ பாஸ் பண்ண வச்சுட்டா. ஓட்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நின்று அழுதேன். பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், என் கைக்கு இது தட்டுப்படவே இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இதை அவளுக்கு எழுதட்டுமா, இல்லை வேண்டாமா என்று அவரைக் கேட்டேன். நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"நாலு பக்கம் பத்தாது" என்றார். "வரச் சொல்லு."

அண்ணி